மியாஸ்மா: கெட்ட காற்றிலிருந்து கெட்ட மனநிலை வரை

ஆங்கிலக் கட்டுரையிலோ நாவலிலோ ‘மியாஸ்மா’ என்ற சொல் தட்டுப்பட்டு, அகராதியைத் திறந்தால் குழப்பம்தான் கூடும். சதுப்பு நிலத்திலிருந்து எழும் நச்சு ஆவி என்று ஒரு பொருள் போட்டிருக்கும். மனதை அழுத்தும் இருண்ட சூழல் என்று அதற்கடுத்த பொருள். கிரேக்க நாடகம் படித்தவரைக் கேட்டால் கொலைப்பழியால் ஒட்டிக்கொள்ளும் கறை என்பார். ஹோமியோபதி டாக்டரிடம் கேட்டால் அவர் பங்குக்கு நாலாவதாக ஒன்றைச் சொல்வார். எல்லாமே சரிதான். நோயும் மனவாட்டமும் ஒரே சொல்லுக்குள் எப்படிக் குடியேறின என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதில் கணிசமான பகுதி கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் பினாங்கிலும் நடந்தது. தோட்டத்துத் தமிழர்கள் தின்ற சோற்றுக்குக்கூட அதில் பங்கு உண்டு.

முதலில் தீட்டு

கிரேக்க மொழியில் ‘மியாய்னெய்ன்’ என்றால் கறைப்படுத்துவது, அசுத்தமாக்குவது. மியாஸ்மா அதிலிருந்து வந்தது. ஆரம்பத்தில் இதற்கும் காற்றுக்கும் சம்பந்தமே கிடையாது. கொலை செய்தவன் மேல், பிணம் கிடக்கும் வீட்டின் மேல், கோயிலை அவமதித்தவன் மேல் படிவது அது. கண்ணுக்குத் தெரியாது. ஆனால் ஒட்டும், பக்கத்தில் இருப்பவருக்கும் தொற்றும், விட்டுவைத்தால் ஊரையே கெடுக்கும். சோஃபக்ளீஸ் எழுதிய ஈடிபஸ் நாடகத்தின் தொடக்கத்தில் தீப்ஸ் நகரத்தில் பயிர் கருகுகிறது, ஆடுமாடு சாகிறது, கொள்ளைநோய் பரவுகிறது. என்ன காரணம் என்று கேட்டால், பழைய அரசனைக் கொன்றவன் தண்டனையில்லாமல் ஊருக்குள்ளேயே உலவுகிறான் என்று தெய்வவாக்கு வருகிறது. அந்த ஒருவனின் மியாஸ்மா மொத்த ஊரையும் பிடித்துவிட்டது.

ஐரோப்பிய மாணவர்களுக்கு இதைப் புரியவைக்கப் பேராசிரியர்கள் பக்கம் பக்கமாக விளக்க வேண்டியிருக்கிறது. நமக்கு ‘தீட்டு’ என்று சொன்னால் போதும். சாவு வீட்டுக்குப் போய்வந்தவர் செந்தூலிலோ பிரிக்பீல்ட்ஸிலோ வீட்டுக்குள் நுழையுமுன் கேட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் குழாயில் கால் கழுவி, தலையில் தண்ணீர் தெளித்துக்கொள்வதை இன்றும் பார்க்கலாம். பழைய கிரேக்கத்திலும் இதே பழக்கம் இருந்தது. பிணம் கிடக்கும் வீட்டு வாசலில் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைப்பார்கள். அந்த வீட்டுத் தண்ணீரும் தீட்டுப்பட்டது என்பதால் வேறு வீட்டிலிருந்து கொண்டுவந்த தண்ணீர்தான் உதவும். வெளியே வருகிறவர்கள் அதைத் தெளித்துக்கொண்டு போவார்கள்.

ஒரு வேறுபாடும் உண்டு. நம் சாவுத் தீட்டுக்கு நாள்கணக்கு இருக்கிறது. கருமாதி முடிந்ததும் கழிந்துவிடும். கிரேக்கர்களின் கொலை மியாஸ்மாவுக்கு அப்படி ஒரு தவணை கிடையாது. சடங்கு செய்து கழுவ வேண்டும், இல்லாவிட்டால் ஆளை ஊரைவிட்டே துரத்த வேண்டும்.

காற்றுக்குள் வந்தது எப்படி

கி.மு. 5-ஆம் நூற்றாண்டு வாக்கில் ஹிப்போக்ரட்டீஸும் அவர் வழி வந்தவர்களும் நோய்க்குத் தெய்வ கோபத்தைக் காரணம் சொல்வதை விட்டு, உடலுக்குள்ளும் சுற்றுப்புறத்திலும் காரணம் தேடத் தொடங்கினார்கள். அவர்கள் போட்ட கணக்கு எளிமையானது. ஓர் ஊரில் கிழவர், குழந்தை, குடிகாரர், குடிக்காதவர் என்று பார்க்காமல் எல்லாரும் ஒரே சமயத்தில் ஒரே நோயில் விழுகிறார்கள். சாப்பாடு ஆளுக்கு ஆள் வேறு. வேலையும் வேறு. எல்லாருக்கும் பொதுவாக இருப்பது மூச்சுக்காற்று ஒன்றுதான். ஆக, காற்றில்தான் ஏதோ கலந்திருக்கிறது. அந்த ஏதோ ஒன்றுக்கு அவர்கள் புதுப்பெயர் தேடவில்லை. கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டுவது, பரவுவது, கெடுப்பது எல்லாவற்றுக்கும் ஏற்கெனவே கைவசம் இருந்த மியாஸ்மாவையே எடுத்துக்கொண்டார்கள்.

கையில் நுண்ணோக்கி இல்லாத ஒருவர் இதைவிட நல்ல முடிவுக்கு வந்திருக்க முடியாது என்பது என் எண்ணம். மூடநம்பிக்கை என்று இதை ஒரே வார்த்தையில் தள்ளுகிறவர்கள் அந்தக் கணக்கைக் கவனிப்பதில்லை.

அப்புறம் 2,000 ஆண்டுகளுக்கும் மேலாக ஐரோப்பிய மருத்துவம் இந்த நம்பிக்கையில்தான் ஓடியது. 17-ஆம் நூற்றாண்டில் பிளேக் மருத்துவர்கள் பறவை அலகு வைத்த முகமூடி போட்டுக்கொண்டார்கள். அலகுக்குள் வாசனை மூலிகைகள் இருக்கும், நச்சுக்காற்றை வடிகட்ட. இத்தாலியில் சதுப்பு நிலத்துக் காய்ச்சலுக்குக் ‘கெட்ட காற்று’ என்று பொருள்படும் ‘மாலா ஆரியா’ என்ற பெயர் நிலைத்தது. மலேரியா என்று இன்று உலகம் முழுக்கச் சொல்வது அதைத்தான். ரோமில் போப்பாண்டவரின் மருத்துவராக இருந்த லான்சீசி 1717-இல் சதுப்பு நிலங்களின் நச்சு ஆவியைப் பற்றித் தனி நூலே எழுதினார். சதுப்பை வடித்தால் காய்ச்சல் குறையும் என்பது அவர் பரிந்துரை. காரணம் தவறு, வைத்தியம் சரி.

இதே விசித்திரம் லண்டனிலும் நடந்தது. 1854-இல் சோஹோ வட்டாரத்தில் காலரா பரவியபோது, ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் யார் யார் எந்தக் குழாயில் தண்ணீர் எடுத்தார்கள் என்று வீடுவீடாக விசாரித்து, பிராட் தெருக் குழாய்தான் காரணம் என்று காட்டினார். அதிகாரிகள் குழாயின் கைப்பிடியைக் கழற்றினார்கள். ஆனால் காலரா தண்ணீரில் பரவுகிறது என்பதைப் பெரும்பாலானவர்கள் ஏற்கவில்லை. நாற்றம்தான் நோய் என்பதுதான் அன்றைய பொதுக்கருத்து. 1858 கோடையில் தேம்ஸ் நதி நாறிய நாற்றத்தில் நாடாளுமன்ற உறுப்பினர்களே மூக்கைப் பொத்திக்கொண்டு ஓட வேண்டியிருந்தது. அதற்குப் பிறகுதான் பாசல்ஜெட் என்ற பொறியாளரிடம் பெரிய கழிவுநீர்க் கால்வாய்த் திட்டத்தை ஒப்படைத்தார்கள். நாற்றத்தை விரட்டக் கட்டிய கால்வாய், குடிநீரில் கழிவு கலப்பதையும் தடுத்தது. 1866-க்குப் பிறகு லண்டனில் பெரிய காலரா பரவல் இல்லை.

காட்டை வெட்டினால் காய்ச்சல் போகுமா?

இந்த நம்பிக்கையோடுதான் ஐரோப்பியர்கள் மலாயாவில் இறங்கினார்கள். 1786-இல் பிரான்சிஸ் லைட் பினாங்கில் காலடி வைத்தபோது இன்றைய ஜார்ஜ் டவுன் முனை முழுக்கக் காடு. வெள்ளிக்காசைப் பீரங்கியில் போட்டுக் காட்டுக்குள் சுட்டார், காசு பொறுக்கும் ஆசையில் ஆட்கள் காட்டை வெட்டினார்கள் என்ற கதை பினாங்கில் பிறந்த யாருக்கும் தெரியும். உண்மையோ பொய்யோ, காட்டை வெட்டி வெயிலும் காற்றும் உள்ளே வரவிட்டால் ஊர் ஆரோக்கியமாகிவிடும் என்ற எண்ணம் அன்று எல்லாருக்கும் இருந்தது. லைட் எட்டு ஆண்டுதான் அங்கே வாழ்ந்தார். 1794 அக்டோபரில் மலேரியாவில் இறந்தார். சுல்தான் அகமட் ஷா சாலையில் இருக்கும் பழைய புராட்டஸ்டன்ட் கல்லறையில் அவர் சமாதி இருக்கிறது. அங்கே அவருக்குத் துணையாக இளம் வயதிலேயே போன ஐரோப்பியர்கள் நிறையப் பேர் படுத்திருக்கிறார்கள்.

நம்மவர்கள் கொடிமலை என்று சொல்லும் பினாங்கு மலைக்கும் இந்த நம்பிக்கையில் பங்குண்டு. மியாஸ்மா தரையோடு தங்கும் கனத்த ஆவி என்று நினைத்ததால், நோயாளியை மேலே கொண்டுபோனால் பிழைப்பான் என்று நம்பினார்கள். லைட் காலத்திலேயே மலைக்குப் பாதை வெட்டியாகிவிட்டது. பங்களாக்கள் வந்தன, பிற்பாடு 1923-இல் மலை ரயிலும் வந்தது. இன்று நாம் செண்டோல் குடித்துவிட்டுப் படம் எடுக்கப் போகிற இடத்துக்கு முதலில் ஆட்கள் போனது உடம்பு தேறத்தான்.

கோலாலம்பூரின் பிறப்பும் காய்ச்சலோடுதான். 1857-இல் ராஜா அப்துல்லா ஈயம் தேட 87 சீனத் தொழிலாளர்களைக் கிள்ளான் ஆற்றில் படகேற்றி அனுப்பினார். அவர்கள் கோம்பாக் ஆறு வந்து சேரும் இடத்தில் இறங்கி, காட்டு வழியாக அம்பாங்குக்கு நடந்தார்கள். ஒரு மாதம் போவதற்குள் உயிரோடு மிஞ்சியது 18 பேர். மீதிப்பேரைப் பெரும்பாலும் மலேரியா கொண்டுபோனது. மஸ்ஜித் ஜாமெக் எல்ஆர்டி நிலையத்தில் இறங்கி ஆற்றைப் பார்க்கிறவர்கள் நிற்பது அவர்கள் இறங்கிய இடத்துக்கு அருகில்தான்.

சரி, மியாஸ்மா எப்போது உடைந்தது? 1880-இல் அல்ஜீரியாவில் லவெரான் என்ற பிரெஞ்சு மருத்துவர் நோயாளியின் ரத்தத்தில் மலேரியாக் கிருமியைக் கண்டார். 1897 ஆகஸ்டில் செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் கொசுவின் வயிற்றில் அதே கிருமியைக் கண்டார். அடுத்த ஆண்டு இத்தாலியில் கிராஸியும் அவர் குழுவினரும் அனோஃபிலஸ் கொசுதான் மனிதருக்குப் பரப்புகிறது என்று நிறுவினார்கள். ஆனால் ஆய்வுக்கூடத்தில் நிரூபிப்பது வேறு, ஓர் ஊரில் காய்ச்சலைக் குறைத்துக் காட்டுவது வேறு. அதை முதலில் செய்துகாட்டிய இடங்களில் ஒன்று நம் கிள்ளான்.

1901-இல் மால்கம் வாட்சன் என்ற இளம் டாக்டர் கிள்ளானுக்கு வந்தார். அதே ஆண்டு புதிதாகத் திறந்த துறைமுகத்தில், இன்றைய போர்ட் கிள்ளானில், ஆட்கள் வரிசையாகக் காய்ச்சலில் விழுந்தார்கள். வாட்சன் ராஸின் கண்டுபிடிப்பை நம்பினார். சதுப்பை வடித்து, குட்டையை மூடி, ஊரைச் சுற்றிக் காட்டை வெட்டச் சொன்னார். காய்ச்சல் மளமளவென்று குறைந்தது. இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மியாஸ்மாவை நம்பும் ஒருவர் அங்கே வந்திருந்தாலும் இதையேதான் செய்யச் சொல்லியிருப்பார். கடலோரச் சமவெளியில் நிழலான காட்டுக் குட்டையில் முட்டையிடும் கொசு இனம் ஒன்று மலேரியாவைப் பரப்பியது. காடு போனதும் அதுவும் போயிற்று. இரண்டு கோட்பாடுகளில் எது சரி என்பது கிள்ளானில் தெரியவராது.

தெரியவந்தது உள்நாட்டு மேட்டு நிலத்தில். கித்தா மரம் நடக் குன்றுகளில் காட்டை மொட்டையடித்தார்கள். அதுவரை நிழலில் ஓடிய ஓடைகள் வெயிலுக்கு வந்தன. மியாஸ்மா கணக்குப்படி பார்த்தால் இதைவிட ஆரோக்கியமான இடம் இருக்க முடியாது. மேடு, காற்றோட்டம், வெயில், கூழாங்கல் தெரியும்படி ஓடுகிற சுத்தமான தண்ணீர். நாற்றம் என்ற பேச்சே இல்லை. அங்கேதான் தொழிலாளர்கள் கூட்டம் கூட்டமாகக் காய்ச்சலில் படுத்தார்கள். காரணம், மலை ஓடைகளில் வாழும் அனோஃபிலஸ் மாக்குலேட்டஸ் என்ற வேறொரு கொசு. அதற்கு வெயில்படும் தெளிந்த ஓடைதான் பிடிக்கும். காட்டை வெட்டிய ஒவ்வொரு தோட்டமும் தெரியாமல் அதற்கு இடம் அமைத்துக் கொடுத்துவிட்டது.

வாட்சன் இதைக் கண்டறிந்த வழி நம் கதையோடு நேரடியாகச் சம்பந்தப்பட்டது. அவர் தோட்டம் தோட்டமாகப் போய் லயங்களில் இருந்த தமிழ்க் குழந்தைகளை வரிசையில் நிறுத்தி, இடது விலாவுக்குக் கீழே விரலால் அழுத்திப் பார்த்தார். மலேரியா திரும்பத் திரும்ப வந்த குழந்தைக்கு மண்ணீரல் வீங்கிக் கைக்குத் தட்டுப்படும். மலாயில் இந்தக் காய்ச்சலுக்கு ‘டெமாம் குரா’ என்று பெயர். குரா என்றால் மண்ணீரல். நூறு குழந்தைகளில் எத்தனை பேருக்கு வீங்கியிருக்கிறது என்று லயத்துக்கு லயம் கணக்கெடுத்து, ஓடையிலிருந்தும் காட்டிலிருந்தும் அந்த லயம் எவ்வளவு தூரம் என்பதோடு ஒப்பிட்டார். ஒரே தோட்டத்தில் ஒரு லயம் சுகமாக இருக்கும். அடுத்த மடுவில் இருக்கும் லயத்தில் குழந்தைகள் எல்லாரும் வயிறு உப்பிக் கிடப்பார்கள். காற்று காரணமென்றால் இரண்டு லயத்துக்கும் ஒரே காற்றுதானே?

மேட்டு நிலத்துக்கு வைத்தியம் மாறியது. ஓடையைக் குழாய் போட்டு மண்ணுக்கடியில் கொண்டுபோவது, தண்ணீர் மேல் எண்ணெய் தெளிப்பது, சில இடங்களில் மறுபடி நிழல் வளர்ப்பது. 1911-இல் மலேரியா ஆலோசனை வாரியம் அமைந்தது. ஆனால் பல தோட்டங்களில் காலையில் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக் களத்தில் கொய்னா மருந்தைக் கொடுத்து விழுங்கவைப்பதோடு துரைமார்கள் நிறுத்திக்கொண்டார்கள். குழாய் போடக் காசு வேண்டும், கொய்னா மலிவு. ‘காற்று சரியில்லாத இடம்’ என்ற பழைய பேச்சு இதற்கெல்லாம் வசதியாகவும் இருந்தது. காற்றுதான் காரணம் என்றால் லயத்தை எங்கே கட்டினோம் என்று யாரும் கேட்கப்போவதில்லை.

புழுங்கல் அரிசி

மியாஸ்மாவுக்குக் கோலாலம்பூரில் இன்னொரு அடியும் விழுந்தது. அன்று மலாயாவை ஆட்டிவைத்த மற்றொரு நோய் பெரிபெரி. கால் மரத்துப்போகும், வீங்கும், முற்றினால் இதயம் நின்றுவிடும். ஈயச்சுரங்கங்களிலும் சிறைகளிலும் அதிகம். 1895-இல் திறந்த புடு சிறைச்சாலையில் இது பரவியபோது கட்டடத்தையும் அது நிற்கும் மண்ணையும் சந்தேகித்தவர்கள் இருந்தார்கள். இடத்தில் ஏதோ இருக்கிறது என்ற அதே பழைய எண்ணம்.

நெகிரி செம்பிலானில் இருந்த பிராடன் என்ற மருத்துவர் வேறொன்றைக் கவனித்தார். தீட்டிய சயாம் பச்சரிசி சாப்பிடும் சீனத் தொழிலாளர்களுக்குப் பெரிபெரி வருகிறது. உரலில் குத்திய அரிசி சாப்பிடும் கம்பத்து மலாய்க்காரர்களுக்கு அவ்வளவாக இல்லை. அதே வட்டாரத்தில் வேலை செய்யும் தமிழர்களுக்கும் அரிதாகத்தான் வருகிறது. தமிழர்கள் என்ன சாப்பிடுகிறார்கள்? புழுங்கல் அரிசி.

இதைச் சோதித்தவர் வில்லியம் ஃபிளெட்சர். இடம், கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனை. 1905-இன் கடைசியில் நோயாளிகளைச் சாப்பாட்டுக் கொட்டகையில் வரிசையாக நிறுத்தி எண் சொல்லவைத்தார். ஒற்றைப்படை எண்காரர்கள் முற்றத்தின் கிழக்குப் பக்க வார்டுக்கு, பச்சரிசிச் சோறு. இரட்டைப்படை எண்காரர்கள் மேற்குப் பக்கத்துக்கு, புழுங்கல் அரிசிச் சோறு. மற்றதெல்லாம் ஒன்றே. கிழக்கு வார்டில் பெரிபெரி தலைகாட்டியதும், ஒருவேளை அந்தக் கட்டடத்தில்தான் கோளாறோ என்ற கேள்வி எழுந்தது. உடனே இரண்டு கூட்டத்தையும் வார்டு மாற்றிப் போட்டார். நோய் கட்டடத்தில் தங்கவில்லை, பச்சரிசி சாப்பிட்டவர்கள் பின்னாலேயே போனது. சோதனை முடியும்போது பச்சரிசிப் பக்கம் 18 பேர் பெரிபெரியில் செத்திருந்தார்கள். புழுங்கல் அரிசிப் பக்கம் ஒருவரும் இல்லை.

தங்களுக்கு என்ன நடக்கிறது என்று தெரியாத நோயாளிகளை வைத்துச் செய்த சோதனை இது. இன்று எந்த மருத்துவமனையும் இதை அனுமதிக்காது, அனுமதிக்கவும் கூடாது. ஆனாலும் கிடைத்த விடை பெரிது. 1900-இல் தொடங்கிய கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் ஃபிரேசரும் ஸ்டான்டனும் இதைத் தொடர்ந்தார்கள். அரிசியைத் தீட்டும்போது தவிட்டோடு போய்விடும் ஏதோ ஒன்று இல்லாததுதான் நோய் என்று காட்டினார்கள். அந்த ஏதோ ஒன்றை 1926-இல் பத்தாவியாவில், இன்றைய ஜகார்த்தாவில், பிரித்தெடுத்தார்கள். வைட்டமின் பி1, தயமின். நெல்லைப் புழுக்கும்போது அது தவிட்டிலிருந்து அரிசிக்குள் இறங்கித் தங்கிவிடுகிறது.

காற்றை விட்டு மனதுக்கு

கொசு, கிருமி, வைட்டமின் என்று ஒவ்வொன்றாக நிரூபணமாக, மியாஸ்மாவுக்கு மருத்துவத்தில் வேலை போயிற்று. வேலை போன சொல் சாகவில்லை. மொழி அதை இன்னொரு வேலைக்கு எடுத்துக்கொண்டது. இன்றைய ஆங்கிலத்தில் ஓர் அலுவலகத்தில் ‘சந்தேகத்தின் மியாஸ்மா’ நிலவுகிறது என்பார்கள். போர் முடிந்த நகரத்தில் ‘விரக்தியின் மியாஸ்மா’ என்பார்கள். யாரோ ஒருவருடைய தனிப்பட்ட சோகத்துக்கு இந்தச் சொல் பொருந்தாது. அதற்கு இடம் வேண்டும். பலரும் சேர்ந்து மூச்சு வாங்கும் ஒரு சூழலில், யார் கிளப்பினார்கள் என்று கைகாட்ட முடியாமல், உள்ளே வருகிற எல்லார் மேலும் படிகிற இருட்டுக்குத்தான் இது சரிப்படும். அந்த வகையில் பழைய பொருளில் முக்கால்வாசி அப்படியே இருக்கிறது.

தமிழில் இதற்கு ஒற்றைச் சொல் இல்லையென்று அலட்டிக்கொள்ள வேண்டியதில்லை. காற்றையும் மனதையும் சேர்த்துப் பேசுவது நமக்குப் புதிதா என்ன? புழுக்கம் என்றால் மழைக்கு முந்தின வெக்கை. மனப்புழுக்கம் என்றால் சொல்லவும் முடியாமல் மெல்லவும் முடியாமல் உள்ளே வேகிறது. ‘அந்த வீட்டுக்குள்ளே போனாலே மூச்சு முட்டுது’ என்று ஒருவர் சொன்னால் ஜன்னலைத் திறக்கச் சொல்லவில்லை என்பது நமக்குப் புரியும். ‘ஏன் வீடு எழவு வீடு மாதிரி கிடக்கு?’ என்று ஒரு பாட்டி அதட்டும்போது அதில் தீட்டும் இருக்கிறது, மனவாட்டமும் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாகப் ‘பீடை’ இருக்கிறது. அதற்குத் துன்பம் என்றும் பொருள், நோய் என்றும் பொருள், கிரகக் கோளாறு என்றும் பொருள். பீடை பிடித்த வீடு என்றால் மூன்றில் எது என்று கேட்கவே தேவையில்லை. இலங்கைத் தமிழில் பயிரைத் தின்னும் பூச்சிக்கும் பீடை என்றுதான் பெயர், மருந்து பீடைநாசினி. மியாஸ்மாவை மொழிபெயர்க்கிறவர் இடத்துக்கு ஏற்ப இவற்றில் ஒன்றை எடுத்துக்கொண்டால் தப்பில்லை. ‘நச்சுக்காற்று’ என்று எல்லா இடத்திலும் போட்டுவிட்டுப் போவதுதான் தப்பு.

நோயிலிருந்து மனதுக்கு வந்த சொற்கள் இன்னும் உண்டு. ‘மெலங்கலி’ கிரேக்கத்தில் கறுப்புப் பித்தம். அது கூடினால் சோகம் பிடிக்கும் என்று நம்பினார்கள். நம்மிடமும் பித்தம் தலைக்கேறினால் பித்துதான். ‘மார்பிட்’ என்ற ஆங்கிலச் சொல் நோயைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. இன்று அது சாவையும் பிணத்தையுமே நினைத்துக்கொண்டிருக்கும் மனத்தைச் சொல்கிறது. டாக்டர்களின் அறிக்கையில் மட்டும் பழைய பொருளிலேயே இருக்கிறது.

ஹோமியோபதி ‘மியாசம்’ தனி வழி. அந்த மருத்துவத்தைத் தொடங்கிய ஹானிமன், நாள்பட்ட நோய்களுக்கு அடியில் சோரா, சிஃபிலிஸ், சைகோசிஸ் என்று மூன்று மியாசங்கள் இருப்பதாக 1828-இல் எழுதினார். அந்த முறைக்குள் மட்டும் செல்லும் கலைச்சொல் அது. நவீன மருத்துவம் அதை ஏற்பதில்லை.

சாக்கடையும் சாமி மேடைச் செம்பும்

மியாஸ்மா என்ற சொல்லையே கேள்விப்படாதவர்களும் அதை நம்பிக்கொண்டிருக்கிறார்கள். கோலாலம்பூர் அடுக்குமாடி வீட்டில் யாருக்காவது டிங்கி என்றதும் அக்கம்பக்கத்தார் முதலில் கைகாட்டுவது சாக்கடையைத்தான். ‘நாறுது பாருங்க, அப்புறம் ஏன் வராது?’ என்பார்கள். நாறுகிற சாக்கடையில் பெரும்பாலும் வளர்வது வேறு கொசு. டிங்கியைப் பரப்பும் ஏடிஸுக்கு நாற்றமில்லாத, அசையாத தண்ணீர் வேண்டும். பூந்தொட்டிக்கு அடியில் இருக்கும் தட்டு, ஐஸ்பெட்டிக்குப் பின்னால் தண்ணீர் சொட்டும் தட்டு, பால்கனியில் மூடாத வாளி, மாற்ற மறந்த சாமி மேடைச் செம்பு. முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். நகரசபையிலிருந்தோ சுகாதார இலாகாவிலிருந்தோ புகையடித்துவிட்டுப் போனதும், வீடெங்கும் மருந்து வாடை இருப்பதால், வேலை முடிந்தது என்று நிம்மதியாகிவிடுகிறோம். புகை பறக்கும் கொசுவைத்தான் கொல்லும். தட்டில் நெளியும் புழுவை ஒன்றும் செய்யாது. இலாகா அதிகாரி டார்ச் அடித்துத் தொட்டித் தட்டைப் பார்ப்பதும், புழுவைக் கொல்லும் அபேட் பொடி போடச் சொல்வதும், புழு இருந்தால் 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி அபராதம் எழுதுவதும் அதனால்தான்.

அதற்காகக் காற்றில் எதுவுமே இல்லை என்று முடிவுகட்டவும் முடியாது. புகைமூட்டக் காலத்தில் கெட்ட காற்று என்பது நேர்ப்பொருளிலேயே நோய்தான். 2005 ஆகஸ்டில் போர்ட் கிள்ளானிலும் கோலசிலாங்கூரிலும் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500-ஐத் தாண்டியதால் அவசரநிலை அறிவித்தார்கள்.

இதைவிடப் பெரிய திருப்பம் கோவிட் காலத்தில் வந்தது. மியாஸ்மாவை எதிர்த்துப் போராடிய தலைமுறை அதை ஒரேயடியாகப் புதைக்க நினைத்தது. 1910-இல் அமெரிக்கச் சுகாதார அதிகாரி சார்லஸ் சாப்பின், நோய் காற்றில் பரவும் என்ற எண்ணம் மக்கள் மனதில் இருக்கும்வரை அவர்கள் கைகழுவவும் தொடுதலைத் தவிர்க்கவும் கற்றுக்கொள்ள மாட்டார்கள் என்ற ரீதியில் வாதிட்டார். அந்த எச்சரிக்கை பாடப்புத்தகங்களில் தங்கிவிட்டது. காற்றில் பரவும் என்று யாராவது சொன்னால் பழைய மியாஸ்மாவைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள் என்ற சந்தேகம் நிபுணர்களுக்கு வந்துவிடும். 2020 மார்ச்சில் உலகச் சுகாதார நிறுவனம் கோவிட் காற்றில் பரவாது என்று திட்டவட்டமாகச் சொன்னது. நாமும் பாசாருக்குப் போய்வந்து காய்கறிப் பையைத் துடைத்துக்கொண்டிருந்தோம், ஜன்னலைத் திறக்கவில்லை. மூடிய அறையில் மூச்சிலிருந்து வரும் நுண்துகள்கள் வெகுநேரம் மிதக்கும், அவற்றாலும் தொற்றும் என்பதை அந்த நிறுவனம் முழுதாக ஒப்புக்கொள்ளப் பல மாதங்கள் பிடித்தன. காற்றில் மிதப்பவை, நீர்த்துளிகள், துகள்கள் என்று மருத்துவரும் இயற்பியலாளரும் ஒரே சொல்லை வெவ்வேறு பொருளில் பேசிக்கொண்டிருந்ததும் இந்தத் தாமதத்துக்கு ஒரு காரணம். பல துறையினரும் உட்கார்ந்து பேசி, ‘தொற்றுள்ள சுவாசத் துகள்கள்’ என்ற பொதுப்பெயருக்கு ஒத்துக்கொண்ட அறிக்கை 2024 ஏப்ரலில்தான் வெளிவந்தது.